ஏற்காட்டில் காப்பீட்டு அட்டையோடு ஒரு டாக்டரைத் தேடி

ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒண்டிக்கடைப் பக்கம் நடந்துபோய், முதலில் கண்ணில் பட்ட மருந்துக்கடையில் கேட்டேன். “கலைஞர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கற டாக்டர் இங்க யாராச்சும் இருக்காங்களா?”

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “ஆபரேஷனுக்குங்களா?”

“இல்லைங்க. காய்ச்சல், சுகர், பிரஷர் மாதிரி.”

“அதுக்கெல்லாம் கார்டு செல்லாதுங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி போங்க. இல்லாட்டி காசு குடுத்துப் பாருங்க.”

கேள்விக்கான பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் நான் திரும்பவில்லை. காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த டாக்டரிடமும் போகலாம் என்று மலையில் எத்தனையோ குடும்பங்கள் நம்புகின்றன. ரேஷன் அட்டையோடு சேர்த்து அதையும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கின்றன. அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது, உடைந்த பிறகு அவர்கள் யாரிடம் போகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

எனக்குத் துணையாக வந்தவர் சேர்வராயன் மலையிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அக்கா. காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். “என் பேரைப் போட வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். அவருடைய அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் உண்டு. அக்காவின் கைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த அட்டை இருந்தது. “வாங்கி வருஷக்கணக்காச்சு. ஒருக்கா கூட உபயோகமானதில்ல” என்றார்.

படுக்கைக்கு மட்டும் பணம்

ஊருக்குள் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். காத்திருந்த கூட்டம் கரையும்வரை வெளியே பெஞ்சில் இருந்தோம். பிறகு டாக்டர் உட்காரச் சொன்னார். அக்கா அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கினார்.

“அம்மா, இந்த கார்டு ஆஸ்பத்திரியில சேர்ந்து பண்ணிக்கிற வைத்தியத்துக்கு. நோயாளியைச் சேர்க்கணும். என்ன வியாதி, என்ன ஆபரேஷன்னு கம்ப்யூட்டர்ல போட்டு இன்சூரன்ஸ்ல முன் அனுமதி வாங்கணும். அப்புறம்தான் பணம் வரும். இத்தனை படுக்கை, இத்தனை ஆளு, இன்னின்ன வசதி இருந்தாத்தான் திட்டத்துல சேத்துப்பாங்க. ஒரு ரூம் வச்சிருக்கற நான் எப்படிச் சேர முடியும்? இருமலுக்கும் பிரஷர் மாத்திரைக்கும் அதுல எடமே இல்ல.”

அவர் சொன்னது திட்டத்தின் அடிப்படை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது அது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. முன்பு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்த வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை உண்டு. 2022 ஜனவரியில் திட்டம் நீட்டிக்கப்பட்டபோது 1,090 சிகிச்சை முறைகள், 8 தொடர் சிகிச்சைகள், 52 பரிசோதனைகள் பட்டியலில் இருந்தன.

பட்டியல் நீளமானதுதான். இதய அறுவை, புற்றுநோய், சிறுநீரகம், மூட்டு மாற்று எல்லாம் அதில் வரும். சொத்தை விற்றுத்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்றிருந்த குடும்பங்களை இந்த அட்டை காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் ஆண்டு முழுவதும் டாக்டருக்கும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கொடுக்கும் பணம் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. நம் நாட்டில் மக்கள் சொந்தக் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவில் பெரும்பகுதி இந்த வெளிநோயாளிச் செலவுதான்.

“அப்போ எங்கம்மா படுத்த படுக்கையானாத்தான் இது வேல செய்யுமா சார்?” என்று கேட்டார் அக்கா.

டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மாத்திரை ஒழுங்கா தர்றாங்கம்மா. அதை விடாம வாங்கிக் குடுங்க” என்றார். தன்னிடம் வர வேண்டிய நோயாளியை அங்கே அனுப்பிவைத்த அந்த நேர்மையை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அட்டை கேட்காத இடம்

ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை. காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், கம்பளியைச் சுற்றிக்கொண்ட முதியவர்கள். யார் கையிலும் காப்பீட்டு அட்டை இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. பெயர், வயது, ஊர் சொன்னால் போதும். டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரை வாங்கலாம். கட்டணம் கிடையாது.

காப்பீடு இல்லாமலே கிடைக்கும் இந்த வைத்தியத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் கொடுக்கும் அதே மெட்ஃபார்மின், அதே அம்லோடிபின் மாத்திரை மலை உச்சிக்கும் வருகிறது. பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத் தங்கள் ஊரில் செய்திருக்கின்றன.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். “எத்தன வருஷமா இங்க வர்றீங்க பாட்டி?”

“அது ஆச்சு கண்ணு, ரொம்ப வருஷம். மாத்திரைக்குக் கொறையில்ல. ஆனா வர்றப்பல்லாம் டாக்டரு மாறிப்போறாங்க. பழகி, நம்ம ஒடம்பு அவங்களுக்குப் புரியறதுக்குள்ள கௌம்பிடறாங்க.”

பாட்டி சொன்னது ஓர் ஆஸ்பத்திரியின் குறை அல்ல. தமிழ்நாட்டு மலைப்பகுதிகள் எங்கும் கேட்கலாம். அரசுப் பணியில் சேரும் இளம் டாக்டர்கள் தொலைதூர, கடினமான பகுதிகளில் வேலை செய்தால், மருத்துவ மேற்படிப்புச் சேர்க்கையில் அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. ஓர் ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற கணக்கில் 30 சதவீதம்வரை போகலாம். மலைக்கு டாக்டர் வருவதே இந்தச் சலுகையால்தான். மதிப்பெண் சேர்ந்து மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் அவர் இறங்கிப் போவதும் அதே சலுகையால்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குடும்ப டாக்டர் என்றால் வீட்டில் யாருக்கு என்ன வியாதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர் என்று தெரிந்தவர் அல்லவா? அது ஒன்றிரண்டு ஆண்டில் வருவதில்லை.

வீட்டுக்கு வரும் மாத்திரை

அங்கிருந்து நாகலூர்ப் பக்கம் போனோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காபிச் செடிகள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அப்போதிலிருந்து ஏற்காட்டின் கூலி, கடன், கல்யாணம் எல்லாமே காபியோடு பின்னிக் கிடக்கின்றன. வைத்தியமும் அப்படித்தான். நவம்பர் முதல் ஜனவரிவரை பழம் பறிக்கும் காலத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு.

ஏற்காடு ஒன்றியத்தில் நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலை, வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என்று ஊராட்சிகள் மலை முழுக்கச் சிதறியிருக்கின்றன. ஊரிலிருந்து ஊருக்கு வளைந்து வளைந்து போக வேண்டும். மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு வகுத்த அளவு. துணை சுகாதார நிலையத்துக்கு சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர். தொலைவை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. இருந்தும், மழைக்காலத்தில் சர்க்கரை நோயாளி ஒருவர் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்பது எளிதில்லை.

அக்காவின் வீட்டில் அவருடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வந்துவிட்டார். பக்கத்து ஊர்ப் பெண். தோள்பையில் பிரஷர் பார்க்கும் கருவியும் சுகர் பார்க்கும் கருவியும். “என்னம்மா, மறுபடி வெல்லக் காபியா?” என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்தார். அம்மா சிரித்துக்கொண்டே, “நீ வர்றன்னு தெரிஞ்சிருந்தா குடிச்சிருக்க மாட்டேன்” என்றார். அளவெடுத்து, நோட்டில் எழுதி, மாத்திரையைக் கொடுத்து, எதைக் காலையில், எதை ராத்திரியில் என்று திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார். சுகர் ஏறியிருந்தது. “இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வாங்கக்கா. மாத்திரை அளவை டாக்டர்தான் மாத்தணும்.”

இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பது, இயன்முறை மருத்துவம், படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை ஆகியவை இதன் வேலை. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தப் பெண் கேட்ட ‘வெல்லக் காபியா’ என்ற கேள்வி. வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. குடும்ப டாக்டர் என்று நாம் தேடுவதில் பாதி இவரிடம் இருக்கிறது. மருந்தை மாற்றும் படிப்பும் அதிகாரமும் இருக்கிற மறுபாதி, ஊர் மாறிப் போகும் டாக்டரிடம் இருக்கிறது.

தோட்டத்துச் சட்டமும் இ.எஸ்.ஐ.யும்

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு இரண்டு உரிமைகளும் உண்டு. பலருக்கு அவை தெரியவில்லை.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்பும் 15 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்களும் உள்ள காபி, தேயிலைத் தோட்டங்களுக்குப் பொருந்தியது. தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவது தோட்ட உரிமையாளரின் கடமை என்றது. பெரிய எஸ்டேட்களில் டிஸ்பென்சரியும் கம்பவுண்டரும் இருந்த காலத்தை வயதானவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஏற்காட்டில் சின்னத் தோட்டங்கள் நிறைய. சீசனுக்கு மட்டும் வேலைக்குப் போகிறவர்களும் நிறைய. “இன்னிக்கு ஒரு காடு, நாளைக்கு ஒரு காடு. எந்த மொதலாளிகிட்ட போய்க் கேக்கறது?” என்றார் அக்கா.

இன்னொன்று இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. அரசுக் காப்பீட்டில் உண்மையிலேயே டாக்டரோடு தொடங்குவது இதுதான். 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-ல் கோயம்புத்தூருக்கு வந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் சம்பளத்தில் 0.75 சதவீதமும், முதலாளி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். காய்ச்சலுக்கும் மாத்திரைக்கும்கூட இ.எஸ்.ஐ. மருந்தகம் போகலாம். நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஹோட்டல்களும் இந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. ஏற்காட்டில் விடுதி வேலை செய்யும் இளைஞர்கள் தங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

அட்டை வேலை செய்யும் ஊர்

அடுத்த பயணம் கீழே. 20 கொண்டை ஊசி வளைவுகள், சேலம்வரை 30 கிலோமீட்டர் அளவு. இந்தப் பாதையின் ஆபத்து மலைக்காரர்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரல் 30-ல் ஒரு தனியார் பஸ் இங்கே கவிழ்ந்து உயிர்கள் போயின. விபத்தில் அடிபட்டால் அட்டை இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசு ஏற்கிறது. எந்த ஊர்க்காரர், என்ன வருமானம் என்ற கேள்வி இல்லை. கூப்பிட வேண்டிய எண் 108.

சேலம் கலெக்டர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டைக்கான மையம் இருக்கிறது. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். மலையிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ரேஷன் அட்டைதான். அதில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீட்டிலும் இடமில்லை. கல்யாணமாகி வந்த மருமகள், புதிதாகப் பிறந்த குழந்தை, தனியாக இருந்து பிறகு மகனோடு சேர்ந்த தாய் ஆகியோரின் பெயரை முதலில் ரேஷன் அட்டையில் சேர்த்துவிட வேண்டும். அக்காவின் அட்டையில் அம்மாவின் பெயர் இருந்தது. அவருக்கு மூச்சே வந்தது.

கடைசியாக, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குப் போனோம். அரசு மருத்துவமனையில்தான் எல்லாமே இலவசமாயிற்றே, இங்கே எதற்கு அட்டை என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. அரசு மருத்துவமனையில் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெற்றால், அந்தத் தொகையைக் காப்பீட்டிலிருந்து அந்த மருத்துவமனை பெறுகிறது. அதில் கருவிகள் வாங்குகிறார்கள், வசதி செய்கிறார்கள், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் அட்டையைக் கொடுப்பதே நல்லது. உங்கள் சிகிச்சை அடுத்தவருக்கும் உதவுகிறது.

வரிசையில் ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார். ஒரு தனியார் மருத்துவமனையில் அட்டையை வாங்கிக்கொண்டு, அதற்கு மேலும் பணம் கட்டச் சொன்னார்களாம். கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். திட்டத்தில் வரும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பதே விதி. அப்படிக் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் உடனே புகார் செய்யலாம். அவருக்கு அந்த எண்ணே தெரியாது. அக்கா தன் அட்டையின் உறையில் பேனாவால் அதை எழுதி வைத்துக்கொண்டார்.

மலைக்கு என்ன வேண்டும்

மலையில் டாக்டரைத் தேடுகிறவர்களுக்கு, நான் பார்த்தவரையில் வழி இதுதான். அன்றாட நோய்க்கு அட்டையைத் தேடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ சுகர், பிரஷர் நோட்டுப் போட்டு, மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பாம்புக்கடிக்கும் நாய்க்கடிக்கும் மருந்து அங்கேயே இருக்கிறது. கண்ட இடத்தில் நேரம் போக்காமல் ஓடுங்கள். அட்டையை ஆரோக்கியமாக இருக்கும்போதே வாங்கி, எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய சிகிச்சை என்று டாக்டர் சொன்னால், அந்தச் சிகிச்சைக்கு அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

இவையெல்லாம் குடும்பம் செய்ய வேண்டியவை. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தாய்லாந்தில் 2001-2002-ல் 30 பாட் திட்டம் வந்தபோது, ஒவ்வொருவரும் தம் வட்டாரத்திலுள்ள மருத்துவமனையில் பதிவுசெய்துகொண்டார்கள். சாதாரணக் காய்ச்சலிலிருந்து பெரிய அறுவைவரை அங்கேயே தொடங்கும். அட்டையும் டாக்டரும் ஒரே இடத்தில். கேரளத்தில் 2017 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றினார்கள். நம் நாட்டுக்கே 1946-ல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு வகுத்துக் கொடுத்த வழியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்குவதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கான துண்டுகள் எல்லாமே இருக்கின்றன. மருந்து வருகிறது. வீட்டுக்கு வந்து அளவெடுக்கும் பெண் இருக்கிறார். கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். பெரிய நோய்க்கு 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. இல்லாதது ஒன்றே: ‘இந்தக் குடும்பத்துக்கு இவர்தான் டாக்டர்’ என்று பெயர் சொல்லி ஒப்படைக்கும் ஏற்பாடு. மலையில் வேலை செய்யும் டாக்டருக்குச் சலுகை தருகிறோம். அதோடு, நான்கைந்து ஆண்டு தங்கி ஒரே மக்களைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் குடியிருப்பும் கூடுதல் ஊதியமும் தர வேண்டும். குடும்ப மருத்துவத்திலேயே மேற்படிப்பு இருக்கிறது. அதை மலையிலிருந்தபடியே முடிக்க வழி செய்ய வேண்டும். அவர் மாறிப் போகும்போது, வீடு வீடாக எழுதிய குறிப்புகள் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். அட்டை பதியும்போதே குடும்பத்தின் ஆரம்ப சுகாதார நிலையமும் அதில் பதியப்பட வேண்டும்.

இதய அறுவைக்கு லட்சங்கள் கொடுக்கத் தயங்காத மாநிலம் இது. அந்த அறுவை தேவைப்படாமல் செய்கிற டாக்டரை மலையில் நிறுத்தி வைப்பதற்கு அதைவிடக் குறைவாகத்தான் செலவாகும். ஏற்காட்டில் காப்பீட்டு அட்டையை ஏற்கும் குடும்ப டாக்டர் இன்றைக்கு இல்லை. அரசு மனது வைத்தால், ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கொடுக்க முடியும். அந்தக் கோரிக்கையை ஏற்காட்டுக் குடும்பங்கள் கிராமசபையில் எழுப்பலாம். முதல் ஆளாக எழுந்து கேட்பேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.